ஒயின் புட்டிக்குச் சீட்டுக் கட்டிய ரிஜெக்ட் அண்ணன்

கடவுளே நேரில் வந்து வரம் கொடுத்தாலும், அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நாலு பக்கமும் திருப்பிப் பார்த்து, "ஓரத்துல நூல் ஒண்ணு விட்டுப்போயிருக்குதுங்களே சாமி" என்று திருப்பி அனுப்பக்கூடிய ஆள் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் ஆபீஸில் துணி செக்கராக இருந்தார். ரேஷன் கார்டில் அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் ரிஜெக்ட் அண்ணன்.

மேஜை விரிப்பும் நாப்கினும் நெய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனி அது. தறிகள் எடப்பாடியில், ஆபீஸ் சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு மாடியில். வெளிநாட்டுக்காரர்களுக்கு மெயில் எழுதுவதும், அவர்கள் வந்தால் பேச்சை மொழிபெயர்ப்பதும் என் உத்தியோகம். அண்ணன் கையெழுத்துப் போட்ட சீட்டுக் கட்டாமல் எந்தப் பொருளும் ஆபீஸுக்குள் வரவும் கூடாது, வெளியே போகவும் கூடாது என்று பெரிய முதலாளி ஒரு சட்டம் வைத்திருந்தார். அந்தச் சட்டத்தை அவர் துணிக்காகத்தான் போட்டார். அண்ணன் அதைப் பூமிக்கே போட்டதாக எடுத்துக்கொண்டார்.

டீ வந்தால் முகர்ந்து பார்த்து, "இது நேத்துப் பாலுங்க" என்பார். கோயிலில் திருநீறு கொடுத்தால் விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு ஐயரை ஒரு பார்வை பார்ப்பார். என் கல்யாணத்தில் மேடையேறியவர், கை குலுக்கவில்லை. என் வேட்டி ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்தார். "எம்பதாம் நெம்பர் நூலுன்னு சொன்னாங்களா? அறுபதுதானுங்க. நல்லா ஏமாந்துட்டீங்க" என்றார். போட்டோக்காரர் சரியாக அந்த நேரம் பார்த்து கிளிக் செய்தார். அந்தப் படம் இப்போதும் எங்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. அண்ணன் சொன்னது வேட்டியைப் பற்றித்தான் என்று என் மனைவி இன்றுவரை நம்பவில்லை.

சின்ன முதலாளிக்கு அண்ணனைக் கண்டாலே ஆகாது. கோயமுத்தூரில் எம்.பி.ஏ. படித்துவிட்டு வந்தவர். துணி சோதிக்க ஒரு மெஷின் வாங்கத் துடித்துக்கொண்டிருந்தார். "மெஷின் சந்தேகப்படாது சார். பாஸ்னா பாஸ், ஃபெயில்னா ஃபெயில். இந்த பிரெஞ்சு ஆர்டர் போவட்டும், அண்ணனை ஊட்டுக்கு அனுப்பிரலாம்" என்று என்னிடம் மட்டும் சொல்லி வைத்திருந்தார். அண்ணனின் பெண் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள், இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. வேறு எங்காவது வேலை தேடலாம் என்றால் எடப்பாடி சுற்றுவட்டாரத்தில் அவரிடம் துணி கொடுத்துத் திரும்ப வாங்காத தறிக்காரரே இல்லை. எவர் சேர்ப்பார்? விஷயம் தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. என் வேலையும் வேலைதானே.

அப்போதுதான் அந்த பிரெஞ்சு அம்மா வந்து இறங்கினார். நாலு தலைமுறையாகத் திராட்சைத் தோட்டம் வைத்து ஒயின் செய்கிற குடும்பம். வருகிறவர்கள் உட்கார்ந்து ருசி பார்க்கிற கூடத்துக்கு வெள்ளை விரிப்பு வேண்டும். சரக்கு தயாராகிப் பெட்டி கட்டக் காத்திருந்தது. நேரில் பார்த்து ஓகே சொல்ல வந்திருந்தார். வெயிலில் கறுத்துக் காய்ப்பேறிய அவர் கையைப் பார்த்த பெரிய முதலாளி, "நம்மளாட்டத் தோட்டங்காட்டுச் சனந்தானுங்க" என்று பூரித்துப்போனார்.

அந்த அம்மா ஒரு புட்டி வெள்ளை ஒயினைப் பரிசாக நீட்டினார். அப்பா கையால் செய்தது, ஓக் மரப் பீப்பாயில் ஒரு வருஷம் கிடந்தது, கொஞ்சம்தான் செய்வார்கள், வெளியே எளிதில் கிடைக்காது என்றார். வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டில் எல்லோரும் சேர்ந்து திறக்கலாம் என்று முடிவாயிற்று. அதுவரை எங்கே வைப்பது? "அந்தக் கருமாந்தரம் ஊட்டுக்குள்ள வந்துச்சுன்னா நான் எங்கம்மா ஊட்டுக்குப் போயிருவேன்" என்று முதலாளியம்மா போனிலேயே சொல்லிவிட்டார். புட்டி ஆபீஸ் பிரிட்ஜுக்குள் போயிற்று, தயிர் டப்பாக்களுக்கு நடுவில்.

அதன்பிறகு மூன்று நாள் ஆபீஸில் எவனும் எவனையும் நம்பவில்லை. தண்ணீர் குடிக்க எழுந்தால் பின்னால் ஒருவர் எழுந்து வருவார். அக்கவுண்டன்ட் மூன்று முறை மோர் எடுக்கப் போனார். அவ்வளவு மோர் குடிக்கிற மனிதரா அவர்? வாட்ச்மேன் சிரித்தால்கூடத் தப்பாகப் பட்டது. நானே சும்மா ஒருமுறை கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினால், டைப்பிஸ்ட் அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். "எலுமிச்சம்பழம் இருக்குதான்னு பாத்தேங்க" என்று உளறினேன்.

வியாழக்கிழமை வந்தது. மீட்டிங் ரூமில் பள்ளிபாளையம் சிக்கன் மணக்கிறது. பிரெஞ்சு அம்மாவும் பெரிய முதலாளியும் உட்கார்ந்துவிட்டார்கள். புட்டியை எடுக்கப் போன சின்ன முதலாளி, பிரிட்ஜ் முன்னால் நின்று ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், கீழே போன ஸ்கூட்டர்கள் நின்றிருக்கும்.

தக்கை பாதி வெளியே துருத்திக்கொண்டு நின்றது. நாலு விரல் ஒயினைக் காணோம். புட்டிக் கழுத்தில் நூல் கட்டி ஒரு சீட்டுத் தொங்கியது. ஆபீஸ் செக்கிங் சீட்டு. அடியில் அண்ணன் கையெழுத்து.

"குடிச்சதும் இல்லாம சீட்டு வேற கட்டி வச்சிருக்காரு!" என்று சின்ன முதலாளி ஆடினார்.

அண்ணன் கூப்பிட்டதும் வந்தார். கையில் ஒரு பொட்டலம்.

"இதைத் தொறந்தது நீங்களா?"

"ஆமாங்க. உள்ள என்ன இருக்குதுன்னு பாக்காம எப்புடிங்க சீட்டுக் கட்டறது?"

"குடிச்சீங்களா?"

"நானுங்களா?" அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "அந்தப் பழக்கமே இல்லீங்க."

"சார், நீங்க மோந்து பாருங்க" என்று சின்ன முதலாளி என்னைத் தள்ளினார். பன்னிரண்டு வருஷம் பக்கத்து மேஜையில் உட்கார்ந்த மனிதர். முடியாது என்று சொல்லியிருக்கலாம். பாவி, கிட்டே போய் மூக்கை நீட்டினேன். அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டு வாயைத் திறந்து ஊதினார். குப்பென்று ஒயின் வாசம்.

"அடிக்குதுங்க" என்றேன்.

"நாளையிலருந்து வர வேண்டாம்" என்றார் சின்ன முதலாளி.

அண்ணன் பொட்டலத்தை மேஜைமேல் வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினார். அதற்குள் சத்தம் கேட்டுப் பிரெஞ்சு அம்மா வெளியே வந்துவிட்டார். புட்டியைப் பார்த்தார், தொங்குகிற சீட்டைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தால், இதில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னைக் கேட்டார். வேறு வழியில்லாமல் படித்து ஆங்கிலத்தில் சொன்னேன்.

"சரக்கு: புட்டி ஒன்று. நிறம்: வெள்ளை என்று சொன்னார்கள், வந்தது மஞ்சள். வாசம்: முதலில் புது மரப்பெட்டி, அப்புறம் வெண்ணெய், கடைசியில் நாரத்தங்காய். அளவு: நாலு விரல் குறைவு. குறைத்தது நான்."

அந்த அம்மா கண்ணை விரித்தார். மரம், வெண்ணெய், நாரத்தங்காய்: இதே வரிசையில்தான் அவர் அப்பாவும் சொல்வாராம். குடிக்காமல் முகர்ந்தே சொன்னாரா என்று இரண்டு முறை கேட்டார்.

"பின்னாடியும் இருக்குதுங்க" என்றார் அண்ணன், ஒற்றைச் செருப்போடு.

சீட்டைத் திருப்பினேன். "புட்டி பாஸ். நம்ம துணி ரிஜெக்ட்."

பொட்டலத்தைப் பிரித்தார். எங்கள் வெள்ளை விரிப்பில் வெட்டிய துண்டுகள். "இவங்க இந்த விரிப்பு மேலதான தெனமும் இதை ஊத்திக் குடிக்கப் போறாங்க? சிந்தாம இருக்குமுங்களா? அதான் நேத்து எல்லாரும் ஊட்டுக்குப் போனப்பறம் ஊத்தி, தொவைச்சுக் காயவச்சு, இஸ்திரி போட்டுப் பாத்தனுங்க. இன்னைக்குக் காலைல மறுக்காவும் பாத்தனுங்க." ஒரு துண்டை வெளிச்சத்தில் பிடித்தார். ஒயின் பட்ட இடத்தில் மஞ்சளாக ஒரு வளையம். "துணி மெத்துனு இருக்கோணும்னு கடைசியா ஒரு மருந்து போட்டோமுங்களே, அது கறையைப் புடிச்சுக்குது. மருந்து போடாததுல பாருங்க, சுத்தமாப் போயிருச்சு." சொல்லும்போது கையைத் தூக்கினார். சட்டைக் கை முழங்கை வரைக்கும் மஞ்சள் கறை. ஒயின் வாசம் அங்கேயிருந்துதான் வந்தது.

எனக்கு உயிரே போயிற்று.

பிரெஞ்சு அம்மா இரண்டு துண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் எத்தனையோ ஊரில் துணி வாங்கியிருக்கிறாராம். தங்கள் ஒயினைத் தங்கள் விரிப்பில் ஊற்றிப் பார்த்தவர் எவருமில்லையாம். மருந்து போடாமல் புதிதாகச் செய்யுங்கள், ஒரு மாதம் ஆனாலும் காத்திருக்கிறேன் என்றார். பெட்டி ஒவ்வொன்றிலும் இவர் கையெழுத்திட்ட சீட்டு இருக்க வேண்டும், ஆர்டரிலேயே எழுதிக்கொடுங்கள் என்றார். சின்ன முதலாளி, பாவம், அதைத் தன் கையாலேயே டைப் அடித்தார். மெஷின் பேச்சு அதோடு ஒழிந்தது. அந்த அம்மா அண்ணனுக்கும் ஒரு கிளாஸ் ஊற்றி நீட்டினார். அண்ணன் வாங்கி முகர்ந்துவிட்டு, "நேத்தைவிட இன்னைக்கு வெண்ணெய் வாசம் கூடியிருக்குதுங்க" என்று மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் சிக்கனைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் அவர் வரும்வரை படிக்கட்டிலேயே நின்றேன். "அண்ணா, நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுங்க. உங்களைப் போய்ச் சந்தேகப்பட்டுட்டேன்" என்றேன்.

"அட, அதுல என்னங்க சாமி இருக்குது? வாசம் அடிச்சுது, அடிக்குதுன்னீங்க. எனக்காவ இல்லைன்னு சொல்லியிருந்தீங்கன்னா, அப்பறம் உங்களைய எப்புடி நம்பறது?" என்றார். இரண்டு படி ஏறியவர் நின்று, திரும்பி, என் முகத்துக்கு நேராகக் குனிந்து வாயைத் திறந்து ஊதினார். "இன்னைக்கும் பாத்துக்குங்க."

பூண்டு ரசம்.

அங்கேயே, படிக்கட்டில், அந்த மனுஷனைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். என் சட்டைத் துணியை முதுகுப்பக்கம் இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார், குறை எதுவும் சொல்லவில்லை.