என் டிஸ்ப்ளேவும் மாமாவின் அடக்க ஆராதனையும்

டிஸ்ப்ளே உடைந்த போனை வைத்துக்கொண்டு, ‘நல்லாத்தானே வேலை செய்யுது’ என்று சொல்லித் திரிகிற ஒரு கூட்டம் இந்த ஊரில் உண்டு. காலையில் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி லேடீஸ் பெட்டியில் சுற்றிப் பாருங்கள். மூலையில் கண்ணாடி தெறித்த போன், நடுவில் பச்சைக் கோடு ஓடும் போன், ஓரத்தில் மை கொட்டியது போலக் கறுப்பு பரவிய போன் என்று எல்லாம் கிடைக்கும். எல்லாவற்றிலும் யாராவது சீரியல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கதாநாயகியின் மூக்கு மேலேயே கோடு போகிறதே என்ற கவலை அவர்களுக்கு இல்லை. பழகிவிடும். (எதுதான் பழகாது? நான் கல்யாணம்கூடப் பண்ணிக்கொண்டேன்.)

நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாகத்தான் இருந்தேன். கல்யாணமாகி குரோம்பேட்டைக்கு வந்த புதிதில், ஸ்டேஷன் படிக்கட்டில் ஓடும்போது போன் கையிலிருந்து நழுவி, முகம் குப்புற விழுந்து, மூன்று படி சறுக்கி, கீரைக் கூடைக்காரம்மாவின் காலடியில் போய் நின்றது. எடுத்துப் பார்த்தேன். மூலையில் ஒரு சிலந்தி வலை. அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஒரு வாரத்தில் அது தன் குணத்தைக் காட்ட ஆரம்பித்தது. திரையின் கீழ்ப்பாதி, தொட்டால் கேட்காது. மேல்பாதி, தொடாமலேயே கேட்கும். போனைப் படுக்கவைத்து எழுதினால் ஓரளவுக்கு ஒத்துழைக்கும். நானும் கழுத்தைச் சாய்த்துப் படிக்கப் பழகிக்கொண்டேன்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு போன் ரிப்பேர்க் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்கார அண்ணா அதை மேசையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். போன் தானாகவே கேலரியைத் திறந்தது, என் கல்யாண போட்டோவைப் பெரிதாக்கியது, மூடியது.

“பாத்தியாக்கா? இதுக்குப் பேரு கோஸ்ட் டச்சு. நீ தொடவே வேணாம். பேய் தொடறா மாரி அதுவே தொட்டுகினு கீது. டிஸ்ப்ளே மாத்தணும். ரெண்டு நாள் குட்த்துட்டுப் போ.”

“ரெண்டு நாள் போன் இல்லாம எப்படிண்ணா? இப்போதைக்கு ஓடுமா?”

“ஓடும்க்கா. எங்க ஓடும்னுதான் தெரியாது.”

நான் என்ன செய்தேன் தெரியுமா? உடைந்த கண்ணாடிக்கு மேல் புதிதாக ஒரு பாதுகாப்புக் கண்ணாடி ஒட்டிக்கொண்டு, பின்பக்கக் கீறல்களை மறைக்க மயிலிறகுப் படம் போட்ட கவர் ஒன்றும் வாங்கிக்கொண்டு வந்தேன். வெளியிலிருந்து பார்த்தால் போன் மணப்பெண் மாதிரி இருந்தது.

என் மாமனாருக்கு இதெல்லாம் ஆகாது. அவர் போன் வாங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. டப்பாவில் வரும்போது ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்கவில்லை. டி.வி. ரிமோட்டுக்குப் பாலிதீன் உறை போட்டவர். என் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, “ஏம்மா சுபா, இது போனா, நொறுங்கின அப்பளமா?” என்று கேட்டார். அந்த வீட்டில் என்னோடு முதலில் சிரித்துப் பேசியவர் அவர்தான். அத்தை அப்படி இல்லை. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. என்னை இன்னும் திருத்தி முடிக்காத விடைத்தாள் மாதிரி பார்ப்பார்.

ஒரு நாள் காலை மாமா பால் வாங்கக் கிளம்பினார். அவர் தெருமுனை திரும்பிய பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. போன் போட்டு, “மாமா, கொத்தமல்லி ஒரு கட்டு” என்றேன். “சரிம்மா” என்றார்.

கொஞ்ச நேரத்தில் அவர் நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. பச்சைப் பொத்தான் திரையின் கீழ்ப்பாதியில் இருந்தது. தள்ளினேன், தள்ளினேன், நகரவில்லை. அடித்து நின்றது. மறுபடி வந்தது. புடவையில் விரலைத் துடைத்துக்கொண்டு தள்ளினேன். நின்றது. அடுத்த முறைதான் எடுக்க முடிந்தது. மாமாவின் குரல் இல்லை.

“யம்மா, நான் ஆட்டோ டிரைவர் பேசறேன். இந்த போன் வெச்சிருந்தவரு ரோட்ல விழுந்துட்டாரும்மா. கடைசியா உன் நம்பர்தான் இருந்துச்சு. ஆஸ்பத்திரிக்கு தூக்கினு வந்துட்டோம். சீக்கிரம் வா.”

நானும் என் கணவர் டேவிட்டும் அத்தையும் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மாரடைப்பு, விழுந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது என்றார் டாக்டர். நான் அவரைத் தனியாகப் பிடித்து, போனை முதல் தடவையே எடுத்திருந்தால் ஏதாவது மாறியிருக்குமா என்று கேட்டேன். “நீங்க பக்கத்துலயே நின்னிருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதும்மா” என்றார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னார்.

மதியத்துக்குள் மாமாவை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஹாலில் ஃப்ரீசர் பாக்ஸில் வைத்தார்கள். அத்தை பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அழவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. மடியில் ஆஸ்பத்திரி கொடுத்த பை. உள்ளே மாமாவின் சட்டை, கண்ணாடி, போன், வாடிப்போன கொத்தமல்லிக் கட்டு. போனில் அந்தப் பிளாஸ்டிக் தாள் கிழிந்து, மாமாவின் போனுக்கு முதல் கீறல் விழுந்திருந்தது. பையை வாங்க யார் கை நீட்டினாலும் அத்தை கொடுக்கவில்லை.

சொந்தக்காரர்களுக்குத் தகவல் சொல்லும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். (ஐ.டி. கம்பெனியில் வேலை செய்பவள் என்பதால். நான் அங்கே சம்பளப் பிரிவில் இருந்தேன் என்பது யாருக்கும் பொருட்டில்லை.) போனைப் படுக்கவைத்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். ‘டேவிட்டின் அப்பா இன்று காலை கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடக்க ஆராதனை மாலை வீட்டில்.’ அனுப்பிவிட்டுக் கண்ணைத் துடைத்தேன். கண்ணைத் திறப்பதற்குள் போன் தன் பங்குக்கு ஒன்று அனுப்பிவிட்டது. போன வாரம் ஒரு பிறந்தநாளுக்கு நான் அனுப்பிய ஸ்டிக்கர். ஒரு கரடி மேளம் அடித்துக்கொண்டே ஆடும், மேலே வண்ணக் காகிதம் பறக்கும், கீழே ‘வாழ்த்துகள்!’ என்று மின்னும்.

அழிக்கப் பார்த்தேன். அழிக்கும் பொத்தான் கீழ்ப்பாதியில். நான் அழுத்த அழுத்த, மேலே பேய் இன்னொரு கரடியை அனுப்பியது. பிறகு இன்னொன்று. நான் எழுதிய செய்தி மேலே ஏறிக் காணாமல் போய், குழு முழுவதும் கரடிகள் மேளமடித்துக்கொண்டிருந்தன. துபாயிலிருந்து டேவிட்டின் பெரியப்பா மகன் பிரபு கேட்டார்: ‘அடடே, வாழ்த்துகள் சுபா! பையனா, பொண்ணா?’

டேவிட்டின் அக்கா கிரேஸ் அண்ணி அதைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அழுது வீங்கிய முகம். “சுபா, என்ன இது?”

“நான் இல்ல அண்ணி. டிஸ்ப்ளே.”

அத்தையின் தங்கை மேரி சித்தி சும்மா இருப்பவர் இல்லை. தாம்பரத்திலிருந்து வந்து இறங்கியதிலிருந்தே வீட்டைத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்திருந்தார். “அந்த சனியன தூக்கிப் போடுடி” என்றார் சத்தமாக. “காலைல ஆட்டோக்காரன் எத்தன தடவ அடிச்சான்? ஒழுங்கான போனா இருந்தா எடுத்திருக்க மாட்டே?”

ஹாலில் எல்லோருக்கும் கேட்டது. டாக்டர் சொன்னதைச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் சித்தி அடுத்த வேலைக்குப் போய்விட்டார். அத்தை என்னைத் திரும்பிப் பார்ப்பார் என்று காத்திருந்தேன். பார்க்கவில்லை. அதுதான் மோசமாக இருந்தது. போனை முந்தானைக்குள் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, அத்தையின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன். போனை அணைத்துவிடலாம் என்றால், அணைப்பதற்கும் திரையைத் தள்ள வேண்டும்.

மாலை பாஸ்டர் வந்தார். பாட்டு முடிந்தது. எல்லோரும் கண்களை மூடும்படி சொன்னார். வாசல்வரை நின்ற கூட்டம் அடங்கி, ஃப்ரீசர் பாக்ஸின் உறுமல் மட்டும் கேட்டது. “எங்களைவிட்டுக் கடந்துபோன எங்கள் சகோதரனுக்காக…” என்று பாஸ்டர் ஆரம்பித்தார்.

அப்போது மாமாவின் போன் அடித்தது.

அவருக்குக் காது மந்தம். ரிங் சத்தம் உச்சத்தில் இருக்கும். பழைய காலத்து மணி போன்ற ரிங். அத்தையின் மடியிலிருந்து அது ஹால் முழுக்க அலறியது. மேரி சித்தி ஒரு கண்ணைத் திறந்து, முதலில் போனையும் பிறகு பாக்ஸுக்குள் மாமாவையும் பார்த்தார். யாரோ துக்கம் விசாரிக்கக் கூப்பிடுகிறார்கள் என்று நான் நினைத்தேன். இந்த நேரத்திலா, என்று கோபம்கூட வந்தது.

மாமாவின் போனை எப்போதும் அத்தைதான் எடுப்பார். அந்தப் பழக்கத்தில் கை பைக்குள் போனது. கண்ணாடி போடாததால் பெயர் தெரியவில்லை. காதில் வைத்தார்.

“ஹலோ.”

“ஹலோ” என்றது என் முந்தானை.

என் போன் மாமாவைக் கூப்பிட்டிருந்தது. கடைசியாகப் பேசிய நம்பர்களில் அவர்தான் மேலே இருந்தார். கூப்பிட்டதோடு நில்லாமல் ஸ்பீக்கரையும் அதுவே போட்டிருந்தது.

“அவர் இல்லைங்க” என்றார் அத்தை. அன்று காலையிலிருந்து அவர் பேசிய முதல் பேச்சு. “காலைல தவறிட்டாரு.”

‘காலைல தவறிட்டாரு’ என்று என் வயிற்றிலிருந்து இன்னொரு முறை கேட்டது. இரண்டு போனும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால் கீ… என்று ஒரு கீச்சல் வேறு. நான் இரண்டு கையாலும் போனை அமுக்கினேன். சிவப்புப் பொத்தான் எங்கே இருந்தது என்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை.

“யார் பேசறது?” என்றார் அத்தை. பதில் இல்லாததால் குரலை உயர்த்தினார், வகுப்பில் கேட்பது போல. “யாருன்னு கேக்கறேன்ல?”

அந்தக் குரலுக்கு என்னால் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

“நான்தான் அத்தை. சுபா.”

“சுபாவா? எங்கேருந்து பேசற?”

“இங்கேருந்துதான் அத்தை. உங்க பின்னாடி.”

கிரேஸ் அண்ணியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அந்தச் சிரிப்பு வாசல்வரை பரவியது. பாஸ்டர் வேதாகமத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். அவர் தோள் ஆடியது.

அத்தை சிரிக்கவில்லை. மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். திட்டவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டார்.

“இங்கயே நின்னுக்கிட்டு அவர எதுக்கும்மா கூப்பிட்ட?”

டிஸ்ப்ளே என்று சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியவில்லை.

“தெரியல அத்தை” என்றேன்.

அத்தை அழைப்பைத் துண்டித்துவிட்டு, பாஸ்டரிடம், “நீங்க ஜெபம் பண்ணுங்க” என்றார். பாஸ்டர் தொண்டையைக் கனைத்தார். மாமாவின் போன் மறுபடியும் அடித்தது. டேவிட் என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினார். அணைக்கத் தெரியாமல், அதை அரிசி டிரம்மில் ஆழமாகப் புதைத்து மூடியைப் போட்டுவிட்டு வந்தார். மாமாவை அடக்கம் செய்துவிட்டு வரும்வரை அது உள்ளே யார் யாரையோ கூப்பிட்டபடி இருந்திருக்கிறது. சார்ஜ் தீர்ந்த பிறகுதான் அடங்கியது.

மறுவாரம் கடைக்கார அண்ணா போனைக் கழற்றினார். கவருக்குள்ளிருந்தும் சார்ஜர் ஓட்டையிலிருந்தும் அரிசி உதிர்ந்தது. “இன்னாக்கா, போனுக்கு வாய்க்கரிசி போட்டுக்கீற?” என்றார். அவருக்கு என்ன தெரியும்! நான் அந்தக் கடையில் நின்று அழுதேன். அவர் பயந்துபோய் ஸ்டூல் எடுத்துப் போட்டார்.

அத்தை என்னிடம் பல நாள் பேசவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், தட்டைப் பார்த்துச் சாப்பிடுவார், போய்விடுவார். மேரி சித்தி சொன்னது அவர் மனதிலும் இருக்கிறது என்று நான் முடிவுகட்டியிருந்தேன். ஒரு சாயங்காலம் நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது சமையலறை வாசலில் வந்து நின்றார்.

“டாக்டர்கிட்ட நானும் போய் கேட்டேன்” என்றார். “உன்னால இல்லன்னு அவர் எனக்கும் சொன்னாரு. மேரி பேசினத மனசுல வெச்சுக்காத.”

நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

“அன்னிக்கு காலைலேருந்து ஆளாளுக்கு வந்து சொன்னாங்க, அவர் போயிட்டாருன்னு. எனக்கு ஏறவே இல்ல. நானே சொல்லி, அது உன் போன்ல திரும்ப என் காதுல விழுந்தப்பதான்…” என் முன்னால் இருந்த தட்டைப் பார்த்தார். “வெங்காயத்த இவ்ளோ பெருசாவா நறுக்குவாங்க?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

இப்போது என் போனில் புது டிஸ்ப்ளே. மாமாவின் போனை அத்தை வைத்திருக்கிறார். அந்தக் கீறலோடுதான். மாற்றலாமா என்று டேவிட் ஒருமுறை கேட்டார், அத்தை போனைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார்.

போன மாதம் கேஸ் சிலிண்டர் வரவில்லை. டேவிட் காலையிலிருந்து ஏஜென்ஸிக்குப் போன் போட்டுச் சலித்துவிட்டார். பண்டிகைக்கு வந்திருந்த கிரேஸ் அண்ணியும் போட்டுப் பார்த்தார். யாரும் எடுக்கவில்லை. ஹாலில் ஜெபப் புத்தகம் படித்துக்கொண்டிருந்த அத்தை தலை நிமிராமல் சொன்னார்.

“சுபாவ போடச் சொல்லுங்க. அவ போட்டா பொணத்து பக்கத்துல உக்காந்துகூட எடுப்பாங்க.”

கிரேஸ் அண்ணி கையிலிருந்த போனைக் கீழே வைத்தார். பிறகு அத்தையே சிரித்தார். மாமா போன பிறகு அவர் சத்தம் போட்டுச் சிரித்து நான் கேட்டது அன்றுதான். இப்போது துபாய் பிரபு அண்ணாவரை, யார் கூப்பிட்டு யார் போனை எடுக்காவிட்டாலும் இதுதான் பேச்சு.

நான் ஏஜென்ஸிக்குப் போட்டேன். முதல் ரிங்கிலேயே எடுத்துவிட்டார்கள்.