ஐயாவு வெட்டிய குழி

மூன்றாவது நாளும் அந்த ஆள் வந்துவிட்டான்.

ஐயாவு ரப்பர் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு, வெறும் வாளியோடு லயத்துக்குத் திரும்பியபோது மணி இரண்டு. ஒற்றை அறை வீடுகளின் அந்த வரிசையில் கடைசிக் காம்பரா அவருடையது. அதற்குப் பின்னால், அவர் மனைவி ஜெயம்மாவின் கீரைப் பாத்திக்கும் ஓடைக்கும் நடுவில், வெள்ளைச் சட்டையும் சாரமும் உடுத்த ஒருவன் குனிந்து நடந்துகொண்டிருந்தான். ஐம்பது வயதிருக்கும். அது 2005ஆம் வருஷத்து மாசி மாதம். ரப்பர் மரங்கள் இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நின்றன. மறைந்து நிற்க ஒரு புதர்கூடச் சரியாகக் கிடைக்காது. (இதனால் அந்த மாதத்தில் லயத்து ஆட்களுக்கு வேறு சில சங்கடங்களும் உண்டு. அதையெல்லாம் இங்கே விவரிக்க வேண்டாம்.)

அந்த ஆளுக்கு மறைகிற எண்ணமும் இருந்ததாகத் தெரியவில்லை. வலப்பக்கம் போய்ப் பார்த்தான். இடப்பக்கம் போய்ப் பார்த்தான். சேம்பு இலைகளை விலக்கிப் பார்த்தான். பிறகு ஒரு கல்லைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

ஊர்ச் சிங்களவன் என்று நினைத்து, என்ன தேடுகிறாய் என்று ஐயாவு சிங்களத்தில் கேட்டார். அவன் திடுக்கிட்டு, வழி தவறிவிட்டதாக நல்ல சிங்களத்தில் சொல்லிவிட்டு, விறுவிறுவென்று இறங்கிப் போனான். எஹலியகொட ரோட்டிலிருந்து இரண்டு மைல் மேடேறி வந்து, ஒரே காம்பராவுக்குப் பின்னால் மூன்று நாள் வழி தவறுகிறவன் உலகத்தில் உண்டா?

"கல்லை நம்ம நாய்க்குப் பயந்து எடுத்திருப்பான்" என்றாள் ஜெயம்மா.

பெண்டாட்டி சொல்லும் எளிய உண்மையை நம்புகிற பழக்கம் ஐயாவுக்கு இல்லை. அவர் நேராக மூன்றாம் காம்பரா அந்தனியிடம் போனார். அந்தனி வாலிபத்தில் எட்டு மாதம் இரத்தினபுரிப் பக்கம் மாணிக்கக் குழியில் வேலை செய்தவன். அந்த எட்டு மாதத்தில் ஒரு மாணிக்கத்தைக்கூட அவன் கண்ணால் பார்க்கவில்லை. ஆனாலும் அந்த விஷயத்தில் தோட்டத்துக்கே அவன்தான் கடைசி வார்த்தை.

"அண்ணே, தெரிஞ்சவன் குழி வெட்ட மாட்டான். நிலத்தைத்தான் பாப்பான். ஒரு கல்லை எடுத்துக்கிட்டுப் போய் டவுன்ல காட்டுவான். அப்புறம்தான் ஆளுங்களோட வருவான்."

ஐயாவு அன்று சோற்றைப் பிசைந்தபடியே பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தோட்டத்து நிலத்தில் மாணிக்கம் தோண்டினால் வேலையும் போகும், காம்பராவும் போகும். அது அவருக்குத் தெரியும். ஆனால் அவருடைய கவலை வேறு. மகள் தர்மிளாவுக்கு எம்பிலிப்பிட்டியவில் ஒரு வரன் அமைந்திருந்தது. அஜந்தன் என்று பெயர், மருந்துக்கடையில் வேலை. குடும்பம் தோட்டத்தை விட்டு டவுனில் குடியேறி இருபது வருஷமாகிவிட்டது. பெண்ணின் படம் பிடித்துப்போனது, சாதகம் பொருந்தியது. பிறகு இருபது நாளாக ஒரு பேச்சும் இல்லை. தரகர் இராமசாமியைக் கேட்டால் "பார்ப்போம், பார்ப்போம்" என்கிறார். முன்னே இரண்டு வரன்கள் இப்படித்தான் பார்ப்போம் என்று போய்ப் பார்க்காமலே போயின. தர்மிளா அந்தப் பையனின் படத்தைத் துணிப்பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறாள். அது ஐயாவுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தார். பெற்றவனுக்கு அந்த நடிப்பு எவ்வளவு கஷ்டம் என்று பெண் பிள்ளை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

லயத்துக் குடும்பம் என்றுதான் யோசிக்கிறார்கள் என்பது அவர் முடிவு. ஒரே ஒரு கல் கிடைத்தால் போதும், எம்பிலிப்பிட்டிய தானாக மேடேறி வரும்.

மறுநாள் வேலை முடிந்ததும் மண்வெட்டியும் இரும்பு அலவாங்குமாகப் பின்பக்கம் இறங்கினார். முதல் வெட்டிலேயே கீரைப் பாத்தி போனது. ஜெயம்மா அதற்குப் பிறகு அவருடன் பேசவில்லை. ஆள் பார்க்காமலிருக்கச் சுற்றி உரச்சாக்குகளைக் கட்டினார். சாக்கைப் பார்த்ததும்தான் லயமே உள்ளே என்னவென்று எட்டிப் பார்த்தது. பார்த்த கதை கணக்கப்பிள்ளையின் காதுக்குப் போக அரை நாள்கூட ஆகவில்லை.

"என்னா ஐயாவு, குழி வெட்டுறியாமே?"

இடுப்பளவுக் குழிக்குள் நின்ற ஐயாவு மண்வெட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். குழியைப் பார்த்தார், கணக்கப்பிள்ளையைப் பார்த்தார்.

"கக்கூஸ் குழிங்க ஐயா."

அப்படிச் சொன்னது பெரிய பிழையாகப் போயிற்று. லயத்துப் பொதுக் கக்கூஸ் மழையில் இடிந்து இரண்டு வருஷம். மனு எழுதி எழுதி எல்லோரும் ஓய்ந்திருந்தார்கள். இப்போது ஒரு தொழிலாளி தன் கையாலே குழி வெட்டுகிறான் என்று கேட்டதும் தோட்டத்தை நடத்துகிற துரைக்கு மனம் இளகிவிட்டது. அடுத்த நாளே இரண்டு மூட்டை சீமெந்தும், குந்தி உட்காருகிற வெள்ளைப் பீங்கான் ஒன்றும், தகரமும் லொறியில் வந்து இறங்கின. குழி பத்தடி ஆழம் இருக்க வேண்டும், சனிக்கிழமை மேசன் வந்து மேலே மூடுவார் என்று உத்தரவு.

அதாவது, சனிக்கிழமைக்குள் மாணிக்கத்தை எடுக்காவிட்டால் அதன் மேல் காலாகாலத்துக்கும் சீமெந்து.

ஐயாவு பேய் பிடித்தவரைப் போல வெட்டினார். அந்தனி ஜெயம்மாவின் மாச்சல்லடையில் மண்ணைச் சலித்தான். உடைந்த சோடாப் போத்தல் ஒன்று கிடைத்தது. ஒற்றைத் தோடு ஒன்று கிடைத்தது. அது ஏழு வருஷத்துக்கு முன் தொலைந்த ஜெயம்மாவின் தோடு. அவள் அதை நாத்தனார்தான் எடுத்தாள் என்று சொல்லி ஏழு வருஷமாக அந்த வீட்டு வாசலை மிதிக்காமல் இருந்தவள். இப்போது அந்த மன்னிப்பையும் கேட்க வேண்டியதாகிவிட்டதே என்று அவளுக்குக் கோபம் இரட்டித்தது. இதற்கு நடுவில் லயத்துச் சனம் வரிசையாக வந்து ஐயாவுவைப் பாராட்டிவிட்டு, எங்களுக்கும் எப்போது வெட்டித் தருவீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்த ஆள் மறுபடி வந்தான்.

சாக்கை விலக்கி, ஓரத்தில் சாய்த்திருந்த பீங்கானைப் பார்த்துவிட்டுக் குழிக்குள் எட்டிப் பார்த்தான். அவன் முகம் பூரித்துப்போனது. எத்தனை அடி வெட்டியாகிவிட்டது, எப்போது முடியும் என்று சிங்களத்தில் ஆவலாக விசாரித்தான். ஐயாவுக்கு உச்சந்தலை கொதித்தது. தோண்டுவது நான், அள்ளுவது நீயா? அலவாங்கோடு ஏணியில் ஏறி அவனைத் துரத்தினார். நாயும் சேர்ந்துகொண்டது. கோயில் வளைவு வரைக்கும் ஓடிய ஓட்டத்தில் அவனுடைய செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. அதை வெற்றிச் சின்னமாகக் கொண்டுவந்து காம்பரா வாசலில் வைத்தார் ஐயாவு.

சனிக்கிழமை மேசன் வந்தார். மாணிக்கம் வரவில்லை. பத்தடிக் குழியின் மேல் சீமெந்துப் பலகை ஏறியது, பீங்கான் உட்கார்ந்தது, தகரம் நின்றது. ஐயாவு படியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தர்மிளா சாயத் தேநீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவருக்கு அழுகை வந்தது. உன் கல்யாணத்துக்காகத்தான் வெட்டினேன் பிள்ளை என்று எப்படிச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை காலை தரகர் இராமசாமி வந்தார். வந்தவர் வணக்கம்கூடச் சொல்லவில்லை. வாசலைத்தான் பார்த்தார்.

"மொதல்ல அந்தச் செருப்பை எடுத்துக் குடுங்க. மாப்பிள்ளையோட தாய்மாமன் ஒத்தச் செருப்போட எம்பிலிப்பிட்டிய பஸ்ஸேறியிருக்காரு."

ஐயாவு ஓடிப்போய்ச் செருப்பை எடுத்துத் துண்டால் துடைத்துக் கொடுத்தார். ஜெயம்மா எட்டு நாளைக்குப் பிறகு முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தாள். பார்த்த பார்வைக்கு அவள் பார்க்காமலே இருந்திருக்கலாம். கதவுக்குப் பின்னால் தர்மிளாவின் வளையல் சத்தம் நின்றுபோனது.

"தெரியாமப் பண்ணிட்டேங்க. கால்ல விழுறேன்னு சொல்லுங்க. புள்ளைய வேணாம்னு மட்டும் சொல்லிறாதீங்க" என்றார் ஐயாவு.

"யாரு வேணாம்னது? முழுச் சம்மதம். வாற பங்குனியிலேயே வச்சுக்கலாமாம். ஒரு மாசமா இழுத்துக்கிட்டிருந்த மனுசன், அன்னைக்குத் துரத்தல் வாங்கிட்டுப் போய்த்தான் சரின்னுருக்காரு."

ஐயாவுக்கு ஒன்றும் புரியவில்லை. சந்தோஷப்படுவதா, பயப்படுவதா என்றுகூடத் தெரியவில்லை.

"அப்ப எங்க பின்பக்கத்துல அவரு என்னாங்க தேடுனாரு?"

இராமசாமி செருப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டு, சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"கல்யாணமாகி மறுவீட்டுக்கு மாப்பிள்ளை மூணு நாள் இங்கதானேங்க தங்கணும், டவுன்ல வளந்த புள்ள, காட்டுப் பக்கம் போய்ப் பழக்கமில்ல, வாய்விட்டுக் கேட்டா உங்களுக்குக் கௌரவக் குறைச்சல்னு, உங்க வீட்டுக் கக்கூஸ் எங்க இருக்குன்னு அவரேதான் வந்து வந்து தேடியிருக்காரு."