கிளிப்பச்சைத் தீம்

அறிவுச்செல்வன் ஐந்தே முக்காலுக்கு எழுந்தான். பல் துலக்கினான். ஒரு டம்ளர் பால் காய்ச்சினான். குளித்தான். ஏழு மணிக்குச் சின்னசேலம் சாலையிலிருந்த தன் எடைமேடையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டான்.

திரை சாம்பல் நிறத்தில் வந்தது.

லாரிகளை எடை போடும் அந்தப் புரோகிராமுக்குக் திரை முழுக்கக் கிளிப்பச்சையில் தீம் செய்து, பொத்தான்களில் குட்டி லாரிப் படங்களும் வைத்தவள் அவன் மனைவி மணிமொழி. காய்ச்சலில் இறந்து ஏழு மாதம். புடவைகளை அவள் அம்மா எடுத்துப்போய்விட்டாள். அவள் செய்ததாக மிச்சமிருந்தது அந்தப் பச்சை ஒன்றுதான். அவனுக்கு அது ஒருநாளும் பிடித்ததில்லை. “நல்லா இருக்கா?” என்று அவள் கேட்டபோது தலையாட்டியிருந்தான்.

நேற்று மாலை கம்ப்யூட்டர் அப்டேட் கேட்டபோது ‘சரி’ என்று அழுத்தியதும் அவன்தான்.

பச்சையைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தான். தீமுக்கு வேண்டிய ஒரு மென்பொருள் பேக்கேஜ் இல்லை என்றது திரை. இறக்கினான். அதற்கு இன்னொன்று வேண்டும் என்றது. அதையும் நெட்டிலிருந்து இறக்கினான். பொத்தான்களிலிருந்த தமிழ் எழுத்தெல்லாம் வெறும் கட்டங்களாயின.

வெளியே ஹாரன். கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக்கிழங்கு ஏற்றிவந்த மாயவனின் லாரி மேடையில் நின்றது. குத்துமதிப்பாக ஒரு கட்டத்தை அழுத்தினான். சீட்டு வந்தது.

“இன்னாங்க, காலி வண்டின்னு போட்டுகிது?” என்றான் மாயவன். “அப்ப பின்னால இருக்கிற எட்டு டன்னு இன்னா, என் மாமியா வூட்டு சீரா?”

“இருங்க. ஒரு பேக்கேஜ் இல்ல. அதுக்கு இன்னொண்ணு கேக்குது.”

“போல்ட்டு வாங்கப் போனா நட்டு இருந்தாதான் தருவேன்றானா?”

மூன்றாவது பேக்கேஜ், பழையதை நீக்கட்டுமா என்று கேட்டது. நீக்கச் சொன்னான். திரை கறுத்தது. நடுவில் அம்புக்குறி மட்டும் நின்றது.

சாலைவரை நான்கு லாரிகள். அவற்றை ஒவ்வொன்றாக மேடையில் ஏற்றிவிடும் சாலம்மாள் உள்ளே எட்டிப்பார்த்தாள்.

“வுடுங்க தம்பி. பச்சையா இருந்தா இன்னா, கறுப்பா இருந்தா இன்னா? எடை வந்தா சரி.”

“வுட முடியாதுக்கா! அது அவ ஆசையா செஞ்சது!”

ஏழு மாதத்தில் அவன் குரல் உயர்ந்தது அதுதான் முதல் தடவை. மாயவன் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே போனான்.

சாலம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

“திட்டாதீங்க தம்பி. ஒண்ணு சொல்ல மறந்தே பூட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போற அன்னிக்கு, மணிமொழி ஆட்டோல ஏறிக்கினே எங்கிட்ட சொல்லுச்சு. அப்புறம் அதுக்குப் பேச்சே இல்லியே.”

“இன்னா சொன்னா?”

“‘அவருக்குப் புடிச்சிருக்குன்னுதான் அந்தப் பச்சைய வுட்டு வெச்சிருக்கேன். எனக்குப் பாத்தாலே கண்ணு எரியுதுக்கா. நான் திரும்பி வர்றதுக்குள்ள அவர மாத்திடச் சொல்லு.’”