ரமோனுக்கு ஆட்சேபணை இல்லை

கையெழுத்துப் போடுவதில்லை என்று முடிவெடுத்தேன். லேசுப்பட்ட முடிவு இல்லை. கண்ணாடி முன்னால் நின்று, நெஞ்சை நிமிர்த்தி, பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்த முடிவு. கடித்தது பல்லை மட்டும் இல்லை, பிரஷ்ஷையும் சேர்த்துத்தான்.

ஷார்ஜாவில் எங்கள் வீட்டில் எனக்கு இருக்கும் அதிகாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏசி எத்தனையில் ஓட வேண்டும் என்பதை என் மனைவி பானுமதிதான் முடிவு செய்வாள். இத்தனைக்கும் நான் அல் கூஸில் ஏசி டக்ட் போடும் கம்பெனியில் ஃபோர்மேன். சைட்டில் நான் 'யல்லா' என்றால் ஆட்கள் ஏணியில் ஏறுவார்கள். வீட்டில் அவள் 'என்னங்க' என்றால் நான் ஏறுவேன்.

ஆனால் இந்த நாட்டுச் சட்டம் ஒரே ஒரு இடத்தில் என்னைப் பெரிய மனிதனாக்கி வைத்திருக்கிறது. பானு இங்கே இருப்பது என் விசாவில். நான் அவளுக்கு ஸ்பான்சர். பழைய ஆட்கள் சொல்வதுபோல் கஃபீல். அவள் ஐரோப்பா போக வேண்டுமென்றால், 'என் மனைவி போய்வர எனக்கு ஆட்சேபணை இல்லை' என்று நான் ஒரு என்.ஓ.சி. லெட்டரில் கையெழுத்துப் போட வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு எதிலாவது ஆட்சேபணை உண்டா என்று கேட்ட ஒரே ஆள் ஸ்பெயின் தேசம்தான். விடுவேனா?

ஸ்பெயின் எதற்கு என்கிறீர்களா? பானு முன்பு ஒரு டைல்ஸ் ஷோரூமில் வேலை பார்த்தாள். சரக்கெல்லாம் ஸ்பெயினிலிருந்து வரும். கேட்டலாக் படிக்க ஸ்பானிஷ் கற்றுக்கொண்டாள். பாத்ரூம் டைல்ஸோடு நிறுத்தியிருக்கலாம். அங்கிருந்து கவிதைக்குப் போனாள், கவிதையிலிருந்து நாவலுக்குப் போனாள், கடைசியில் ஆன்லைனில் எம்.ஏ. சேர்ந்துவிட்டாள். ஸ்பானிஷ் மொழி, இலக்கியம், படைப்பெழுத்து. மூன்றும் ஒரே பட்டத்தில். படிப்பு முடிகிற நேரத்தில் சாலமன்கா என்ற ஊருக்கு நேரில் போய், தான் எழுதிய நெடுங்கதையை ஆசிரியர்கள் முன்னால் வாசிக்க வேண்டுமாம். வாசித்தால்தான் பட்டம். போகாவிட்டால் படித்ததெல்லாம் வீண்.

"லெட்டர்ல ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று நீட்டினாள்.

"பார்க்கலாம்" என்றேன்.

என் கோபத்துக்குக் காரணம் உண்டு. அவள் வகுப்பு நடக்கும்போது ஒருநாள் லுங்கியோடு தண்ணீர் எடுக்க அந்தப் பக்கம் போனேன். மெக்ஸிகோ, பெரு, செவில்யா என்று பல ஊர் முகங்கள் லேப்டாப்பில். என்னைப் பார்த்ததும் மொத்தப் பேரும் "ரமோன்!" என்று கூவினார்கள். நானும் மரியாதைக்குக் கை ஆட்டினேன்.

"யாரு அந்த ரமோன்?" என்று பிறகு கேட்டேன்.

"என் கதையில வர்ற புருஷன்."

"அவனுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?"

"ஒண்ணுமே இல்லைங்க. அவனுக்கு மீசை கிடையாது."

அன்று அவர்களோடு சேர்ந்து பானு சிரித்தாளே, அந்தச் சிரிப்புதான் என்னைக் குடைந்தது. அப்படி ஒரு சிரிப்பு அவளிடம் இருப்பதே எனக்குத் தெரியாது. எனக்குப் புரியாத மொழியில், என் வீட்டு ஹாலில், என் மனைவி வேறு யாரோவாக இருந்தாள். பயமாக இருந்தது. பயத்தை வெளியில் சொல்ல முடியாதே, அதனால் கோபப்பட்டேன்.

பக்கத்து ஃப்ளாட் மார்க்கண்டு அண்ணனிடம் யோசனை கேட்டேன். யாழ்ப்பாணத்துக்காரர். குடும்ப அனுபவம் அதிகம். பார்க்கிங்கில் காருக்குப் பக்கத்தில் நின்று முழுக்கதையையும் கேட்டார்.

"தம்பி, மாட்டன் எண்டு மட்டும் சொல்லிப்போடாதையும். சொன்னீரோ, நீர்தான் வில்லன். ஓம் எண்டு சொல்லும். சொல்லிப்போட்டு ஒரு கண்டிஷனைப் போடும். அது முடியிறதுக்குள்ள பிளேன் போயிடும்."

"உங்க வீட்ல இது பலிச்சிருக்கா அண்ணே?"

"பலிச்சிருந்தா நான் ஏன் வீட்டுக்குள்ள இருக்காமல் இந்த வெயிலுக்கை நிக்கிறன்?"

அந்தப் பதிலிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. நேராகப் போய்ப் பானுவிடம் கண்டிஷன் போட்டேன்.

"உன் கதை முழுசையும் எனக்குத் தமிழ்ல சொல்லணும். ஸ்பான்சர்ங்கிறவன் எதுக்கு ஆட்சேபணை இல்லைன்னு தெரிஞ்சுக்கிட்டுத்தானே கையெழுத்துப் போட முடியும்? கதையில எனக்கு ஒரு ஆட்சேபணையும் இருக்கக் கூடாது. அப்புறம்தான் பேனா."

மறுப்பாள் என்று நினைத்தேன். "சரிங்க" என்றாள். உடனே. முகத்தில் ஒரு சந்தோஷம் வேறு.

"ஆனா எங்க வகுப்பு முறைப்படிதான்" என்றாள். "கதையைப் பத்தி நீங்க பேசும்போது எழுதினவ நான் வாயைத் திறக்கக் கூடாது. நீங்களும் நல்லாருக்கு, நல்லால்லன்னு சொல்லக் கூடாது. இந்த ஆளுக்கு என்ன வேணும், எதுக்குப் பயப்படுறான், அதை மட்டும்தான் சொல்லணும்."

நான் பேசப் பேச மனைவி வாயைத் திறக்கக் கூடாது. இப்படி ஒரு படிப்பு இருப்பது தெரிந்திருந்தால் முதல் நாளே ஃபீஸ் கட்டியிருப்பேன்.

தினமும் டூட்டி முடிந்து வந்து டீயோடு உட்காருவேன். அவள் லேப்டாப்பைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொல்வாள். ரமோன் ஒரு தீவில் மீன் பிடிக்கிறவன். அவன் பெண்டாட்டி இனேஸ் நன்றாகப் பாடுவாள். எதிர்க்கரைத் திருவிழாவில் பாட அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். தீவில் இருப்பது ஒரே படகு.

நான் வேண்டுமென்றே இழுத்தடித்தேன். "என்ன மீன்?" என்றேன். "படகுக்கு என்ன பெயின்ட்?" என்றேன். பயணத் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. மார்க்கண்டு அண்ணன் லிஃப்டில் பார்த்து கட்டை விரலை உயர்த்தினார்.

ஒருநாள் அந்த இடம் வந்தது.

"ரமோன் முடியாதுன்னு சொல்லல. துடுப்பை மட்டும் எடுத்து வைக்கோலுக்குள்ள ஒளிச்சு வச்சான். அப்புறம் அவளோட சேர்ந்து தானும் தேடினான்."

எனக்கு டீ புரையேறியது.

"இது எப்ப எழுதினது?"

பானு உதட்டில் விரலை வைத்தாள். எழுதினவள் பேசக் கூடாது.

"ரமோன் கெட்டவனா?"

விரல் உதட்டிலேயே இருந்தது.

"கெட்டவன்னுதானே எழுதியிருக்க? அது தப்பு. அவனைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?" எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "அவ பாடுறது அவனுக்குப் பிடிக்காம இல்ல. அவ அந்தக் கரையில இறங்கிப் பாடுவா, எல்லாரும் கைதட்டுவாங்க. திரும்பியும் வருவா. வந்து பழையபடி மீன் கழுவுவா. ஆனா அவளால அவன் இல்லாம இருக்க முடியும்னு அன்னிக்கு அவனுக்குத் தெரிஞ்சு போயிடும். அவனால முடியாதுங்கிறது முன்னாடியே தெரியும். அதான் ஒளிக்கிறான். திமிர் இல்ல பானு. பயம்."

சொல்லி முடித்தபோது அந்த ரமோனை எனக்கு ரொம்பவும் பிடித்துப்போயிருந்தது.

பானு லேப்டாப்பை மூடி வைத்தாள். பிறகு வகுப்பு முறையை மீறிப் பேசினாள்.

"எங்க புரொஃபசர் திரும்பத் திரும்ப இதைத்தான் கேட்டாங்க. ரமோன் ஏன் இப்படிப் பண்றான், உனக்கே தெரியாம எழுதியிருக்கியேன்னு. நானும் திமிர்னுதான் நினைச்சேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவ திரும்பி வருவா."

"யாரு, இனேஸா?"

"நானும்தான்."

அதற்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்ய முடியும்?

"அப்ப முடிவை நான் சொல்றேன், எழுதிக்க" என்றேன். "அவனே துடுப்பை எடுத்துட்டு வந்து அவ கையில கொடுக்கிறான். யாரும் கேட்காம, தானா."

"நம்புற மாதிரி இருக்குமா?"

"ஏன் இருக்காது? எங்க அந்த லெட்டர்?"

எடுத்துக் கொடுத்தாள். கையெழுத்துப் போட்டேன். வாழ்க்கையில் அவ்வளவு அழகாக நான் கையெழுத்துப் போட்டதே இல்லை. அடியில் இரண்டு கோடும் இழுத்தேன். "நாளைக்கே விசா ஆபீஸ்ல கொடுத்துடு. லேட்டானா நான் வந்து பேசறேன்" என்று கம்பீரமாகச் சொன்னேன்.

பானு கைப்பையைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டினாள். உள்ளே ஸ்பெயின் விசா ஒட்டியிருந்தது.

"போன மாசமே வந்துடுச்சுங்க."

"கையெழுத்து?"

"வாடகை அக்ரிமென்ட்டோட சேர்த்து நீட்டினேன். நீங்க என்னிக்குப் படிச்சுப் பார்த்துப் போட்டிருக்கீங்க?"

"அப்புறம் எதுக்கு என்கிட்ட மறுபடியும் வந்து கேட்ட?"

"ரமோன் மனசுல என்ன இருக்குன்னு நான் வேற யார்கிட்ட போய்க் கேக்கறது?"

நான் நாற்காலியில் சாய்ந்தேன். அவளோ அந்த லெட்டரை மடிப்பு விழாமல் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, பெட்டியில் புடவைகளுக்கு நடுவே பத்திரமாக வைத்துக்கொண்டிருந்தாள்.

"விசாதான் வந்துடுச்சே, இது எதுக்கு?" என்றேன்.

"புருஷன் இப்படி ஒரு லெட்டர் கொடுக்கணும்னு சொன்னா எங்க கிளாஸ்ல ஒருத்தரும் நம்ப மாட்டேங்கிறாங்க. கொண்டுபோய்க் காட்டத்தான்."