ஒத்திகையில் நான்தான் காக்கிமா

எனக்கு நன்றாக நடிக்க வரும் என்று நாற்பத்தோரு வயதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். வங்காளத்தில் நாங்கள் குடியிருக்கும் டாக்குரியாவில், எங்கள் கீழ்வீட்டு வாசலில்தான் அந்த நம்பிக்கை உயிரை விட்டது.

என் மகள் யாழினிக்கு அப்போது எட்டு வயது. ஆட்டிசம் உள்ள குழந்தை. முன்கூட்டித் தெரியாத எதுவும் அவளைப் பதறவைக்கும். துர்கா பூஜை முடிந்ததும், பிஜோயா என்று வீடு வீடாகப் போய்ப் பெரியவர்கள் காலைத் தொட்டு இனிப்பு சாப்பிடுவது இங்கே வழக்கம். முந்தைய வருடம் கீழ்வீட்டுக் காக்கிமா (நம் ஊரில் சித்தி என்போமே, அந்த முறை) "இன்னொண்ணு, இன்னொண்ணு" என்று சந்தேஷ் இனிப்பை நீட்டிக்கொண்டே இருக்க, யாழினி காதைப் பொத்திக்கொண்டு அழுதபடி ஓடிவந்துவிட்டாள். அதன்பிறகு ஒரு பிறந்தநாளுக்குக்கூட யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

"என்ன நடக்கும்னு வீட்லயே ஒரு தடவை நடிச்சுக் காட்டுங்க" என்றார் அவளுடைய டீச்சர். (ஒரு தடவையாம்! நான் விடுவேனா?)

பத்து நாள், மாலை வெயில் ஜன்னலில் மஞ்சளாகக் கரையும் நேரம், மனைவியின் நீலப் புடவையைச் சுற்றிக்கொண்டு, மூக்குநுனியில் கண்ணாடியோடு கதவைத் திறந்தேன். யாழினி என் காலைத் தொட்டு, "சுபோ பிஜோயா, காக்கிமா" என்பாள். ஒரே ஒரு சந்தேஷ் தின்பாள். கையை உயர்த்தி "போதும்" என்பாள். எங்கோ தூரத்தில் மேளம் கேட்டுக்கொண்டிருக்கும். இப்போது நினைத்தால் அந்த மாலைகள் அரைத்தூக்கத்தில் கண்ட கனவு போல இருக்கின்றன.

"ஏங்க, புடவை எதுக்கு?" என்றாள் மனைவி.

"தத்ரூபமா இருக்க வேண்டாமா?" (என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன்.)

அந்த நாளும் வந்தது. காக்கிமா கதவைத் திறந்தார். பின்னால் கூடத்தில் பாதிக் குடியிருப்பும் உட்கார்ந்திருந்தது. யாழினி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மஞ்சள் புடவை. கண்ணாடி இல்லை. மெல்லத் திரும்பி, குனிந்து, என் காலைத் தொட்டாள்.

"சுபோ பிஜோயா, காக்கிமா!"

பிறகு எல்லோருக்கும் புரியும்படி வங்காள மொழியிலேயே கேட்டாள்: "புடவை எங்கே?"

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. ஐயோ, காதைப் பொத்திக்கொண்டு ஓடப்போகிறாள் என்று பயந்தேன். அவளோ சந்தேஷுக்காக என்னிடம் கை நீட்டியபடி அமைதியாக நின்றாள். நான் அசடு வழிந்துகொண்டே உண்மையைச் சொன்னேன். காக்கிமா கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டை என்னிடம் தந்தார்.

"ஓமா! காக்கிமா நீதானே? நீயே குடு."

கொடுத்தேன். தின்றாள். கையை உயர்த்தி "போதும்" என்றாள். யாரும் இன்னொன்று நீட்டவில்லை. காக்கிமா தாழ்ந்த குரலில், "நான் எப்படி நடந்துக்கணும்னு நாளைக்கு எனக்கும் சொல்லித் தர்றியா?" என்று அவளிடம் கேட்டார்.

இப்போது யாழினிக்குப் பதின்மூன்று. பிஜோயாவுக்கு எல்லா வீட்டுக்கும் தனியாகவே போய்வருகிறாள். நான்தான் இந்தக் குடியிருப்புக்கே காக்கிமா ஆகிவிட்டேன். காவலாளிகூட அப்படித்தான் கூப்பிடுகிறார். ஆனால் கிளம்புமுன் அவள் முதலில் தொடுவது என் காலைத்தான். நிமிர்ந்து, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு கேட்பாள்: "புடவை எங்கே?"

உதட்டோரம் மட்டும் சிரிக்கும்.