பந்தயக் கார் கொம்பனிக்கு நான் எழுதிய வாழ்த்து

வாழ்க்கையில் ஒரேயொரு முறைதான் வெளிநாட்டுக்கு வாழ்த்துக் கடிதம் எழுதினேன். அதோடு எவரையும் எழுத்தில் வாழ்த்துவதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன்.

எண்பதுகளின் தொடக்கம். புளியங்குளத்தில் வயல் செய்துகொண்டிருந்தேன். வவுனியாவில் ஓர் ஆங்கிலச் சஞ்சிகை கையில் அகப்பட்டது. ஐரோப்பாவில் பணக்காரருக்குப் பந்தயக் கார் செய்யும் கொம்பனி ஒன்று இருபத்தைந்தாவது ஆண்டைக் கொண்டாடுகிறதாம். அவர்களுடைய கார் வைத்திருப்பவர்கள் வாழ்த்து அனுப்பினால் வண்ணப் படப் புத்தகம் இலவசமாம்.

எனக்கு அந்தப் புத்தகம் வேண்டும். என்னிடம் இருந்ததோ இரண்டு சில்லில் ஓடும் உழவு மிசின். நிறம் மட்டும் சிவப்பு. 'என் சிவப்பு வாகனம் வன்னி வீதிகளில் வெகு சிறப்பாக ஓடுகிறது. நீங்கள் நீடூழி வாழ்க' என்று எழுதிப் போட்டேன். இதில் எங்கே பொய் இருக்கிறது? (கார் எண்டு ஒரு இடத்திலையும் நான் எழுதேல்லை!)

இரண்டு மாதத்தில் பொன்னெழுத்துப் பதித்த கடித உறை வந்தது. தபாலதிபர் அதைப் பேசாமல் தந்திருக்கலாம்தானே? முத்திரை வாங்க வந்த சனத்துக்கெல்லாம் கேட்கும்படி முகவரியை வாசித்தார்: "'எமது காரின் பெருமைமிகு உரிமையாளருக்கு'... தம்பி, எங்களுக்கும் ஒருக்கால் ஓடிக் காட்டுமன்!"

உள்ளே புத்தகமும் இல்லை. காரின் இலக்கத்தை அனுப்பினால்தான் தருவார்களாம். வாழ்த்தியவனைச் சந்தேகிக்கும் கொம்பனி!

அப்போது ஓமந்தையில் எனக்குக் கலியாணம் பேசியிருந்தார்கள். கார்க் கதை அங்கேயும் போய்ச் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை பெண்ணின் தகப்பன் கந்தையர், மனைவி, இரண்டு மகன்மார், பெண் மலர் என ஐந்து பேரும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். நான் முழங்கால்வரை சேற்றோடு நின்றேன்.

"தம்பி, கார் எங்கை நிக்குது?" என்றார் கந்தையர்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் மலர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். "வவுனியாவிலை, திருத்தக் குடுத்து கராச்சிலை விட்டிருக்கு மாமா."

குசினிக்குள்ளிருந்து தேத்தண்ணியோடு வந்த அம்மா கேட்டார்: "என்ன காரடா? எங்களிட்டை இந்த மிசின் ஒண்டுதானே நிக்குது!"

பெற்ற தாய்! கண்ணைக் காட்டக்கூட நேரம் தரவில்லை.

கந்தையர் தேத்தண்ணியைத் தொடவில்லை. "எழும்புங்கோ, போவம்!" என்று எல்லாரையும் கூட்டிக்கொண்டு வெளியேறினார். அன்று பார்த்துப் பின்னேர பஸ் வரவில்லை. ஒரு மணித்தியாலம் வெயிலில் காய்ந்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். வேறு வழியில்லாமல், மிசினின் இழுவைப் பெட்டியில் ஐவரையும் ஏற்றிக்கொண்டு கண்டி வீதியில் புறப்பட்டேன். சைக்கிள்காரர்கள் எல்லாம் எங்களை முந்திப் போனார்கள். வீதியின் ஒவ்வொரு பள்ளம் கிடங்கிலும் விழுந்தெழும்பும்போது பின்னால் இருந்து, "பொய்க்காரன்!" என்று கந்தையரின் குரல் வந்தது.

மிசின் சத்தத்துக்கு மேலால் மலர் கத்தினாள்: "கடிதத்திலை கார் எண்டோ எழுதினனீங்கள்?"

"இல்லை! வாகனம் எண்டுதான்!"

"அப்ப ஏன் கராச் எண்டு உளறினனீங்கள்?"

நான் மிசினை இன்னும் முறுக்கினேன். ஓமந்தை வரும்வரை அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். இறங்கியதும் தகப்பனிடம் சொன்னாள்: "ஐயா, எனக்கு இவரே போதும். இவருக்குப் பொய் சொல்லவே தெரியேல்லை."

கலியாணம் நடந்தது. அதன்பிறகு நான் சைக்கிளில் ஓமந்தை வீட்டுக்குப் போகும்போதெல்லாம் மாமா உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்: "படலையை அகலத் திறவுங்கோ, மருமோன்ரை கார் வருது!"

மாமா போய்ச் சேர்ந்து கனகாலம். இப்போது எங்கள் வீட்டுப் படலையை, 'அப்பான்ரை கார் வருது' என்று என் பிள்ளைகள் அகலத் திறக்கிறார்கள். நான் நடந்துதான் வருகிறேன்.