நான்காம் பாடவேளை வயிற்றுவலி

நான்காம் பாடவேளை தொடங்கிச் சற்று நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் ஒன்பதாம் வகுப்பில் பாதிப் பேருக்கு வயிற்றுவலி வந்துவிட்டது.

"எக்ஸ்கியூஸ் மீ சார், ஐ ஹேவ் ஸ்டொமக் பெயின் சார்," என்று எழுந்தாள் முதல் பெஞ்சு குள்ளம்மாள்.

"கோ," என்றார் ஆங்கில ஆசிரியர் தஸ்தகீர்.

"எக்ஸ்கியூஸ் மீ சார்," என்று சென்றாயன் எழுந்தான்.

"யூ ஆல்சோ?"

"எஸ் சார். ஸ்டொமக் பெயின் சார்."

போகாதே என்று சொல்ல வழியில்லை. சட்டம் அவர் போட்டது.

பொம்மிடிக்குப் பக்கத்திலிருந்த அந்த உயர்நிலைப் பள்ளிக்கு வேலைக்கு வந்த முதல் நாளே, தஸ்தகீர் வகுப்பு விதிகளைச் சிவப்பு மையில் பெரிதாக எழுதிக் கரும்பலகைக்கு மேலே ஆணியடித்து மாட்டினார். ஆங்கில வகுப்பில் தமிழ் பேசக் கூடாது. வெளியே போக வேண்டுமானால் காரணத்தை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். சொன்னால் அனுமதி உண்டு. விதியை மீறினால் மறுநாள் அப்பாவையோ அம்மாவையோ அழைத்துவர வேண்டும்.

கடைசி விதிதான் பிள்ளைகளை நடுங்க வைத்தது. கூலி வேலையை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வா என்று எந்தப் பிள்ளை வீட்டில் போய்ச் சொல்லும்? முதல் வாரம் யாருமே வாயைத் திறக்கவில்லை. அதை ஒழுக்கம் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டார். இரண்டாம் வாரம் சுவரோடு பேசுவதுபோல் இருக்கவே, ஒரு வாக்கியமாவது சொல்லிக்கொடுப்போம் என்று தீர்மானித்தார்.

அன்றைக்குக் காலையில் பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் தின்ற பூரி அவர் வயிற்றில் கடமுடவென்று உருண்டுகொண்டிருந்தது. அதனால் வேறு வாக்கியம் வாயில் வரவில்லை. வயிற்றைக் கையால் அழுத்திப் பிடித்து, முகத்தைச் சுளித்து, "ஐ ஹேவ் ஸ்டொமக் பெயின்," என்றார். வகுப்பு மொத்தமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு திருப்பிச் சொன்னது. ஆங்கிலத்தில் அவ்வளவு உணர்ச்சியை அவர் பி.எட். படித்த கல்லூரியில்கூடக் கண்டதில்லை.

அன்று பிடித்தது இந்த வலி. வெளியே போனவர்கள் ஒதுங்குகிற பக்கமும் போகவில்லை. குழாயடியில் தண்ணீர் குடித்துவிட்டு, சத்துணவுக் கூடத்துக்கு எதிரே வேப்பமரத்தடியில் வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள். மத்தியான மணி அடித்துச் சோறு தின்றதும் அத்தனை பேருக்கும் வலி பறந்துவிட்டது.

"திருட்டுப் பசங்க," என்று முணுமுணுத்தார் தஸ்தகீர். ஒரே வாக்கியம் தெரிந்தால் ஒரே பொய்தான் வரும். நாலு வாக்கியம் சொல்லிக்கொடுத்தால் யோசித்துப் பேசுவார்கள், அந்த யோசனையிலேயே மணி அடித்துவிடும் என்று கணக்குப் போட்டார். தலைவலிக்கு ஹெட்டேக், தலைசுற்றலுக்குக் கிடினெஸ் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டார்.

மறுநாள் குள்ளம்மாள் எழுந்தாள். "எக்ஸ்கியூஸ் மீ சார், ஐ ஹேவ் ஸ்டொமக் பெயின் அண்ட் ஹெட்டேக் அண்ட் கிடினெஸ் சார்."

வாசலில் போய்க்கொண்டிருந்த தலைமையாசிரியர் ராஜாமணி அப்படியே நின்றுவிட்டார். வேப்பமரத்தடியைப் பார்த்தார். அங்கே ஒரு கூட்டமே தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தது.

"என்னங்க தஸ்தகீர், இத்தினி பேருக்கு ஒரே நேரத்துல வயித்து வலி, தலசுத்தல்? சோத்துல ஏதாச்சும் உழுந்திருச்சா?"

அது வெறும் சாக்கு சார், நான் சொல்லிக்கொடுத்த வாக்கியம் சார் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் போன வாரம்தான் ராஜாமணி ஆசிரியர் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால், "நம்ப ஸ்கூல்ல பசங்க இங்கிலீஷ் பேசறாங்கன்னா அது தஸ்தகீர் க்ளாஸ்லதாங்க," என்று சொல்லியிருந்தார். அந்தப் பேச்சு இன்னும் காதில் இனித்துக்கொண்டிருந்தது.

"பாக்கலாங்க சார்," என்றார் தஸ்தகீர்.

ராஜாமணி பார்க்கவில்லை. ஆளை அனுப்பினார். மறுநாளே ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஹெல்த் இன்ஸ்பெக்டர் குப்புராஜ் சைக்கிளில் வந்து இறங்கினார். வந்தது நான்காம் பாடவேளையில்.

குப்புராஜ் குள்ளம்மாளின் கண் இமையைப் பிதுக்கிப் பார்த்தார். "என்னம்மா பண்ணுது உனுக்கு?"

குள்ளம்மாள் தஸ்தகீரைப் பார்த்தாள். கரும்பலகைக்கு மேலிருந்த சிவப்பு எழுத்தைப் பார்த்தாள். "ஸ்டொமக் பெயின் சார்."

"எப்ப இருந்து?"

அவள் மறுபடியும் சிவப்பு எழுத்தைப் பார்த்தாள்.

"காலையில என்னா சாப்ட்ட?"

தலையை மட்டும் ஆட்டினாள்.

"வாயத் தொறந்து சொல்லும்மா."

"கிடினெஸ் சார்," என்றாள்.

ஓர் அதிகாரிக்கு முன்னாலும் விதியை விட்டுக்கொடுக்காமல் நிற்கிறாளே என்று தஸ்தகீருக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. தமிழில் பேசு என்று ஒரு வார்த்தை சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. குப்புராஜ், பேச முடியாத அளவுக்குச் சோர்வு என்று எழுதிக்கொண்டு நேராகச் சத்துணவுக் கூடத்துக்குப் போனார்.

அங்கே ரோசம்மாள் சாம்பாரைக் கிளறிக்கொண்டிருந்தாள். புருஷன் இல்லாதவள். அவளும் அவள் மகளும் நம்பியிருந்தது அந்த அடுப்பைத்தான். குப்புராஜ் ஒரு பாட்டிலில் சாம்பாரை மொண்டு மூடினார்.

"நானும் எம் பொண்ணும் இதே சோத்தத்தான் துன்றோம், எங்களுக்கு ஒண்ணும் ஆவலீங்களே?" என்றாள் ரோசம்மாள்.

"உங்களுக்குப் பழகிப்போயிருக்கும்," என்றார் குப்புராஜ்.

கூடத்துக்குப் பூட்டு விழுந்தது. விசாரணை முடிகிறவரை ரோசம்மாள் வேலைக்கு வர வேண்டாம் என்று ராஜாமணி சொல்லிவிட்டார். அவள் கரண்டியைக் கையில் பிடித்தபடியே தஸ்தகீரிடம் ஓடிவந்தாள்.

"சார், நீங்க இங்கிலீசு படிச்சவுரு. நீங்க சொன்னா கேப்பாங்க. என் சோத்துல ஒரு குத்தமும் இல்லீன்னு ஒரு வார்த்த சொல்லுங்க சார்."

"பாக்கலாம்மா. டெஸ்ட் ரிப்போர்ட் வரட்டும்," என்றார் தஸ்தகீர். ரிப்போர்ட்டில் ஒன்றும் இருக்காது என்று அந்த ஊரில் அவர் ஒருவருக்கு மட்டும் தெரியும். தானாக வரப்போகிற நல்ல சேதிக்கு நாம் ஏன் அசிங்கப்பட வேண்டும் என்று நினைத்தார்.

கூடம் பூட்டியதும் வலி நின்றிருக்க வேண்டும். கூடிவிட்டது. அதுவரை ஒருநாளும் எழுந்திராதவர்கள்கூட எழுந்தார்கள். மணி அடித்த பிறகும் வலி போகவில்லை. வேப்பமரத்தடியில் உட்கார்ந்தவர்கள் பூட்டைப் பார்த்தபடி உட்கார்ந்தே இருந்தார்கள். சாயங்காலம் வறண்ட ஏரிக்குள் குறுக்கே நடந்து வீட்டுக்குப் போனவர்களில் ஒருத்தனும் ஓடவில்லை.

"சோறே ஆக்கறதில்ல, அப்புறம் என்னாங்கடா வயித்து வலி?" என்று தஸ்தகீர் கத்தினார். தன் விதியை அவரே மீறித் தமிழில் கத்தியதை யாரும் சுட்டிக்காட்டவில்லை.

இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. சோறு இல்லாமலே வலி வருகிறதென்றால் சோற்றில் குற்றமில்லை. ஒரு வாரம் மென்று விழுங்கிய பிறகு, ரிப்போர்ட்டும் வராததால், தலைமையாசிரியர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார்.

ராஜாமணி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அப்ப அத்தினியும் நடிப்பா? நீங்க கத்துக்குடுத்த இங்கிலீஷா?"

"ஆமாங்க சார்."

"மொத நாளே சொல்றதுக்கு என்னாங்க உங்களுக்கு?"

பூட்டைத் திறந்தார்கள். ரோசம்மாளைக் கூப்பிடத் தஸ்தகீரே போனார். அவள் வீட்டிலும் பூட்டு தொங்கியது.

"அவ பெங்களூருக்குச் சித்தாள் வேலைக்குப் போயிட்டாளுங்க. ரயிலேறி மூணு நாளாச்சி," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "பொண்ணையும் இட்டுக்கினு போயிட்டா. புள்ளைங்களுக்கு வெசம் வெச்சவன்னு ஊரே பேசுதே, எப்பிடி இங்க இருப்பா? நீங்க அந்தப் பள்ளிக்கூடத்து வாத்தியாரா?"

இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார்.

கூடத்துக்குப் புது ஆள் வந்தாள். ஊர்ப் பெரியவர் ஒருவரின் கொழுந்தியாள். அவள் கரண்டி கொஞ்சம் சின்னது.

அன்று நான்காம் பாடவேளையில் தஸ்தகீர் வகுப்புக்குள் நுழைந்ததும், கரும்பலகைக்கு மேலிருந்த விதிகளைப் பிடுங்கி மேசைக்கு அடியில் போட்டார். ஆணி மட்டும் சுவரில் நின்றது. குள்ளம்மாள் வழக்கம்போல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"எக்ஸ்கியூஸ் மீ சார்..."

"போதும் நிறுத்து. இன்னையிலருந்து தமிழ்லயே பேசலாம். யாரும் அப்பா அம்மாவ இட்டாற வேண்டியதில்ல." கையிலிருந்த சாக்பீஸை மேசைமேல் வைத்தார். "ஒரு அம்மாவுக்கு வேல போயி, பேரு போயி, ஊரே போச்சு. என் தப்புதான், இல்லேங்கல. ஆனா நீ சொல்லு. எதுக்கு இத்தினி நாளா இப்பிடி ஒரு பொய்யச் சொன்ன?"

குள்ளம்மாள் சுவரிலிருந்த ஆணியைப் பார்த்தாள். வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை.

"பொய் இல்லீங்க சார். பசிக்குதுங்கறதுக்கு இங்கிலீசுல என்னான்னு நீங்க சொல்லியே தரலீங்களே."